நாற்பத்தோராம் பக்கத்து வில்லை

2025 மே 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். றம்ஸீன் சேர். கையில் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று.

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் இரசாயனம், நான் பௌதிகம். பிறகு அவர் கல்விப் பணிப்பாளராகிச் சுழல் கதிரைக்குப் போனார். நான் சோக்கட்டியோடு நின்றுவிட்டேன். இப்போது இரண்டு பேருக்கும் பென்சன். பென்சன் எடுத்த பணிப்பாளர்களுக்கு இந்தக் கரையோரத்தில் ஒரு வருத்தம் வரும்: நூல் வெளியிடுவது. சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைவரை அது வராத ஆள் குறைவு. சேருக்கும் வந்துவிட்டது.

பெயர் ‘வானுக்கொரு வில்லை’. வழவழவென்று அட்டை. அட்டையில் பெரிய குவிவு வில்லை (லென்ஸ்) ஒன்று, அதற்குள் நட்சத்திரங்கள் விழுகின்றன. விண்வெளியில் நின்று எக்ஸ் கதிரில் வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகளைப் பற்றிய புத்தகமாம். எக்ஸ் கதிருக்கு வில்லையா? அட்டைப்படம் கீறியவனின் கற்பனை என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த மாசம் முப்பத்தோராந் திகதி வெளியீடு. நயவுரை நீங்கதான் டீச்சர். அழைப்பிதழ்ல பேரும் போட்டாச்சி.”

“என்னட்டக் கேக்காமலா சேர்?”

“கேட்டா மாட்டன் எண்டுவீங்க.”

“அச்சடிக்க முதல் ஒருக்காக் காட்டியிருக்கலாமே.”

“ஒங்களுக்கு ஒரு சந்தோசமா இரிக்கட்டுமே எண்டுதான் காட்டல்ல.”

விழா முடிந்த திங்கட்கிழமை வலயத்துப் பள்ளிக்கூட நூலகங்களுக்கெல்லாம் இலவசமாகப் புத்தகம் போகுமாம். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று மாட்டேன் என்று யார் சொல்வது?

மே 7, புதன்

வாசித்தேன்.

ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை. புத்தகத்தில் காற்பங்கு, ஆளுக்கு ஆள் கைகுலுக்குவதில் போய்விட்டது. வாழ்த்தியவர்களில் ஒருவர்கூட நாற்பத்தோராம் பக்கம்வரை நடந்து வரவில்லை. வந்திருந்தால் காலில் கல் தடக்கியிருக்கும்.

நாற்பத்தோராம் பக்கத்தில் படம். அட்டையில் இருந்த அதே குவிவு வில்லை. எக்ஸ் கதிர்கள் சமாந்தரமாக வருகின்றன, வில்லைக்குள் நுழைகின்றன, ஒழுங்காக வளைந்து ஒரு புள்ளியில் கூடுகின்றன. கீழே: “சக்தி வாய்ந்த கண்ணாடி வில்லை எக்ஸ் கதிர்களைக் குவிக்கிறது.” அதற்கடுத்த ஏழு பக்கமும் இதன் மேலேயே கட்டிய வீடு.

ஆத்திரத்தில் அல்பேட்டைப் பிடித்து வைத்துப் படிப்பித்தேன். என் புருஷன் தபாலதிபராக இருந்தவர். எதையும் முத்திரை குத்தி அனுப்பிவிட்டால் நிம்மதியாகிவிடும் மனிதர்.

“எக்ஸ்றே எடுக்கேக்க உங்கட நெஞ்சுக்குள்ளால போற கதிர், ஒரு கண்ணாடித் துண்டைக் கண்டு வளைஞ்சு குடுக்குமா? ஒண்டில் ஊடுருவிப் போகும், ஒண்டில் அதுக்குள்ளயே செத்துப்போகும். முகம் பாக்கிற கண்ணாடியில நேர வந்து பட்டாலும் தெறிக்காது. மேற்பரப்பை உரசிக்கொண்டு, படுத்த கோணத்தில வந்தா மட்டுந்தான் தெறிக்கும். குளத்தில ஓட்டுத்துண்டு எறியிறமே, அது மாதிரி. நிமித்தி எறிஞ்சாத் தாழும். படுக்க எறிஞ்சா தண்ணியைத் தொட்டுத் துள்ளும்.”

“அப்ப அதை அவரிட்டச் சொல்லிவிடன்கா. என்னை வச்சு என்னத்துக்குக் கத்துறாய்?”

ஓட்டுத்துண்டு என் பழைய உதாரணம். தெறிப்பு என்ற பாடம் வரும் வருடமெல்லாம் அதை எறிந்திருக்கிறேன். விளங்காத பிள்ளை கிடையாது.

உண்மையான தொலைநோக்கி எப்படி என்றால், அடியில்லாத வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்தது போல. வாளிகளின் உட்சுவர்தான் ஆடி. கதிர் சுவரை உரசி ஒரு தரம் தெறிக்கும், அடுத்த வாளி வரிசையில் இன்னொரு தரம் தெறிக்கும், பிறகு போய்க் குவியும். காற்று எக்ஸ் கதிரைக் குடித்துவிடும், அதனால்தான் இந்த வாளிகளை விண்வெளிக்குக் கொண்டுபோகிறார்கள். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு பக்கம் போதும். இவர் எட்டுப் பக்கம் எழுதி இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

மே 8, வியாழன்

இந்த வில்லைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மார்கழியில் சேருக்கு வலக்கண்ணில் கட்ராக்ட் வெட்டி வில்லை வைத்தார்கள். கட்டு அவிழ்த்த கிழமையே கடற்கரையில் நின்று நட்சத்திரம் பார்த்தபடி போன் எடுத்தார். “டீச்சர், வெள்ளி எல்லாம் தனித்தனியா இரிக்கி! நான் இவ்வளவு காலமும் வானத்துல புகை எண்டெல்லோ நெனச்சன்!” அதற்குப் பிறகு எந்தக் கதையைத் தொடங்கினாலும் வில்லையில்தான் வந்து முடிப்பார்.

அதை நினைத்தால் கோபம் இளகுகிறது. நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மே 10, சனி

அல்பேட் கோமாரிப் பக்கத்து வியாபாரியிடம் சிங்கி இறால் வாங்கி வந்தார். தலையைத் தனியே எடுத்து வைத்தேன்.

புத்தகத்தின் நாற்பத்தாறாம் பக்கத்தில், புதிய சீனத் தொலைநோக்கி ஒன்று “இறாலின் கண்ணில் உள்ளது போன்ற வில்லையை” வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் சிங்கி இறாலின் கண்ணைப் பார்த்தேன். கணக்குக் கொப்பியில் சதுரக் கோடு போட்டது போல நுண்ணிய சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு குழாயின் வாய். குழாயின் சுவர்களில் பட்டுத் தெறித்துத்தான் வெளிச்சம் உள்ளே கூடுகிறது. அதே போலச் சதுரத் துளைகள் போட்ட தகட்டை எக்ஸ் கதிருக்குச் செய்து, ஒரே பார்வையில் வானத்தில் பெரிய துண்டைப் பார்க்கிறார்கள். எவ்வளவு அழகான விசயம்! அதைக்கூட வில்லை என்று எழுதிக் கெடுத்து வைத்திருக்கிறார். இறாலைப் பற்றி எழுதியவர் ஒரு இறாலைத் திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? கடலுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஒரு றோட்டுத்தான்.

மே 11, ஞாயிறு

இறால் தலையை டிபன் பெட்டியில் வைத்துக்கொண்டு சேர் வீட்டுக்குப் போனேன். சான்றோடு பேசுவது என் பழக்கம்.

வாசலில் சேரின் மனைவி பெட்டியை வாங்கினா. “என்ன டீச்சர், சும்மா வரத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டு உள்ளே கொண்டுபோனா. அதைத் தடுக்க என்ன சொல்வது? விருந்தாளி கொண்டுவந்த பெட்டி. கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து சொதி வாசம் வந்தது. என் சான்று கொதித்துக்கொண்டிருந்தது.

சான்றில்லாமலே கதைத்தேன். நேரே கதைத்தேன். இனிப்புத் தடவ எனக்கு வராது.

“முழுப் பிழை சேர். நாப்பத்தொண்டில இருந்து நாப்பத்தெட்டு மட்டும் முழுப் பிழை. எக்ஸ் கதிருக்கு வில்லை எண்டதே கிடையாது.”

சேர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப அணிந்துரை எழுதின பேராசிரியர் பைத்தியமா?”

“அவர் வாசிக்கல்ல.”

“நீங்க மட்டுந்தான் வாசிச்ச ஆள்.”

“ஓம். நான் மட்டுந்தான்.”

“ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு வில்லை இரிக்கி டீச்சர். அல்லாஹ் கண்ணுக்குள்ளயே வச்சிரிக்கான். நீங்க எப்பயும் இப்பிடித்தான். ஒங்கட வகுப்புல புள்ளைகள் பயந்து பயந்துதான் கை ஒசத்தும்.”

அப்படியா? என் வகுப்பிலா? நான் பெட்டியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மே 14, புதன்

இன்பாஸ் போன் எடுத்தான். ரியூசன் மாஸ்ரர். முகநூலில் தன்னைத் தானே ‘பௌதிகப் புயல்’ என்று போட்டிருக்கிறான். விழாவில் எனக்கு அடுத்த பேச்சு அவனுடையது.

“டீச்சர், மேடையில பிழை கிழை எண்டு கதைச்சிராதீங்க. நம்மட ஊர்ட மானம்.”

“புத்தகம் வாசிச்சீங்களா தம்பி?”

“அட்ட பாத்தன் டீச்சர். சுப்பர்.”

புயல் அட்டையோடு கரை கடந்துவிட்டது.

மே 20, செவ்வாய்

சந்திக்குச் சந்தி பதாகை. அதில் இருக்கும் என் படம் நான் வேலை பார்த்த காலத்தது. பக்கத்தில் அரைப் பதாகை அளவுக்குப் பிரதம அதிதி. அவர் கடைசியாக எந்தப் புத்தகம் வாசித்தார் என்று கேட்க ஆசை.

மே 30, வெள்ளி

பேச்சை எழுதி முடித்தேன். ஒன்றும் விடவில்லை. வாழ்த்துரைகள், பேராசிரியர், சொதியாகிப்போன இறால் எல்லாம் வருகின்றன. கடைசி வரி: “இந்த நூலில் பிழையில்லாத ஒரேயொரு தகவல் அதன் பக்க இலக்கங்கள்.” எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

அல்பேட்டுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அந்தாள்ர முகத்தில முழிக்க வேணுமே, அதை நினைச்சனான்.”

“பிள்ளைகள் பிழையாப் படிச்சாப் பரவாயில்லையா?”

“நான் அப்பிடிச் சொன்னனா?”

சொல்லவில்லைதான். திங்கட்கிழமை அந்தப் புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போகும். ஒரு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துக் கீறும். பிறகு வரும் எந்த ஆசிரியரும் அந்த வில்லையைப் பிடுங்க முடியாது. சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் நித்திரை போகிறது.

ஜூன் 1, ஞாயிறு

நேற்று விழா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரதம அதிதி இரண்டு மணித்தியாலம் பிந்தினார். குர்ஆன் கிறாஅத் ஓதி, வரவேற்று, பொன்னாடை போட்டு, பொன்னாடை போட்டவருக்கும் பொன்னாடை போட்டு முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அறிவிப்பாளர் சேரை ‘விஞ்ஞானச் செம்மல்’ என்றார், ‘அறிவுச் சமுத்திரம்’ என்றார். என் முறை வந்தபோது காதுக்குள் குனிந்து, “டீச்சர், மூண்டு நிமிசம்” என்றார். வாழ்த்துரைகளுக்கு அளவில்லை, நூலைப் பற்றிக் கதைக்க மட்டும் அளவு.

எழும்பினேன். கைப்பையில் பேச்சு. சேர் மேடையில் புதுக் கோட்டோடு இருந்தார். என்னைப் பார்ப்பதற்காகத் தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்திருந்தார். வெட்டிய கண் தெளிவு, மற்றக் கண் இன்னும் புகை. வைத்த வில்லையால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துகொண்டும் இருந்தார்.

பையைத் திறக்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியாது. கோழைத்தனமா?

சபையைப் பார்த்துச் சொன்னேன்: “எல்லாரும் புத்தகத்தை எடுங்க. தட்டுப் போலப் படுக்க வச்சு, கண்மட்டத்துக்கு உயர்த்துங்க. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையில உரசிக்கொண்டு போற மாதிரி அந்த யன்னலைப் பாருங்க.”

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உயர்த்தினார்கள். முன்வரிசையில் ஒருவர், “அட, யன்னல் தெரியிதே!” என்றார். ஓம். வெறும் அட்டைதான். நேரே பார்த்தால் படம். உரசிப் பார்த்தால் கண்ணாடி. வில்லைப் படம் மறைந்து, யன்னல் கம்பிகள் அதில் நின்றன.

“எக்ஸ் கதிரைப் பிடிக்கிறதும் இப்பிடித்தான். உரசி வந்தாத்தான் பிடிபடும். இதை வச்சுக்கொண்டு நாப்பத்தோராம் பக்கத்துப் படத்தை ஒருக்காப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தேன்.

அடுத்தது இன்பாஸ். எழுதி வந்ததை மாற்ற அவனுக்கு வழி தெரியவில்லை. “பிரமாண்டமான கண்ணாடி வில்லை!” என்று கையை விரித்தான். சபையில் பாதிப்பேர் இன்னும் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து யன்னல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புயல் ஆளில்லாத கரையில் அடித்தது.

கடைசியில் சேரின் ஏற்புரை. மடித்த தாளை எடுத்தார், விரிக்கவில்லை. புத்தகத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி நெடுநேரம் நின்றார்.

“டீச்சர் வீட்ட வந்து செல்லிச்சி. நான் கேக்கல்ல. இப்ப கண்ணால பாத்திட்டன். நான் கீறின படம் பிழை. திங்கக்கிழமை பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் போகாது.”

பிரதம அதிதி பலமாகக் கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

விழா முடிந்து சேர் என்னைப் பார்க்காமலே வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

சேர் போன் எடுக்கிறார் இல்லை. நான் ஆளைக் கவிழ்த்துவிட்டேன் என்று ஊரில் ஒரு கதை. பொம்பிளைக்கு மைக் கொடுத்ததுதான் பிழை என்று இன்னொரு கதை. மைக்கில் ஒரு பிழையும் இல்லை, நன்றாக வேலை செய்தது.

 

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

பெருநாள் என்றால் சேர் வீட்டிலிருந்து பகலுக்கு முதல் ஒரு தட்டு வரும். நத்தாருக்கு எங்கள் கிறிஸ்மஸ் கேக் அங்கே போகும். இரண்டு வீட்டுக்கும் இடையில் எத்தனையோ குழப்பம் வந்து போன காலங்களிலும் அந்தத் தட்டு நின்றதில்லை. இன்று பகல் சாப்பிட்டு முடித்தும் வரவில்லை. அல்பேட் இரண்டு தரம் கேற்றடிக்குப் போய், தபால்காரனைப் பார்க்கப் போனது போல் திரும்பி வந்தார். பெருநாளன்று என்ன தபால்?

அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம். சேரே வந்தார். ஒரு கையில் மூடிய தட்டு, மற்றக் கையில் என் டிபன் பெட்டி. கக்கத்தில் ஒரு கட்டுத் தாள். பெருநாள் உடுப்பு, சண்டைக்கு வந்த முகம்.

“டீச்சர், வில்லை இரிக்கி!”

“முதல்ல இருங்க சேர்.”

“இரிக்க மாட்டன். எக்ஸ் கதிருக்கு வில்லை எண்டதே கிடையாது எண்டு செல்லினீங்க. ஒரு கிழமையா வாசிச்சிரிக்கன். ஆய்வுகூடத்துல சின்னச் சின்ன வில்லை வச்சிரிக்கானுகள். ஒண்டு ரெண்டு இல்ல, வரிசையா அடுக்கி. அதுவும் எப்பிடி? குழிவு வில்லை! எக்ஸ் கதிர் மத்தப் பக்கத்துக்குத்தான் வளையிற. விண்வெளிக்கும் தோலு மாதிரி மெல்லிய வில்லை செய்யப் பாக்கானுகள். குவியம் கிலோமீற்றர்க் கணக்குல எண்டதால வில்லைய ஒரு செய்மதியிலயும் கமராவ இன்னொரு செய்மதியிலயும் வைக்கணுமாம். இப்ப செல்லுங்க, கிடையாதா?”

தாள்களை வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கதிர் கண்ணாடிக்குள் வளையாமல் இல்லை, வளைவது எள்ளளவு. அதுவும் எதிர்ப்பக்கம். அதனால் குவிப்பதற்குக் குழிவுதான் வேண்டும். இது எனக்குத் தெரிந்த விசயம்தான். தெரிந்துகொண்டே, ஆளை அடிக்கக் கையில் அகப்பட்ட பெரிய தடியாக ‘கிடையாது’ என்ற சொல்லைத் தூக்கியிருக்கிறேன். பேராசிரியர் வாசிக்காமல் எழுதினார். நான் யோசிக்காமல் சொன்னேன். என்ன பெரிய வித்தியாசம்?

“இருக்கு சேர். நான் அறிய இன்னும் வானத்துக்குப் போகல்ல, ஆனா இருக்கு. உங்கட படம் அப்பவும் பிழைதான்.”

“படம் பிழைதான். அத மேடையிலயே செல்லிட்டனே. தலைப்பு?”

“தலைப்புக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போடலாம்.”

கதிரையில் இருந்தார். அல்பேட் அதற்குள் தட்டைத் திறந்துவிட்டிருந்தார். “நீங்க ரெண்டு பேரும் வில்லையைப் பிடியுங்க, நான் இதைப் பாக்கிறன்” என்றார்.

முடிவு: அந்த எட்டுப் பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடித்து ஒட்டுவது. எழுதுவது நான், பார்ப்பது அவர். அதுவரை புத்தகம் பள்ளிக்கூடங்களுக்குப் போகாது. தட்டை வெறுமையாகத் திருப்புவதில்லை. மரத்து மாம்பழங்களை வைத்து அனுப்பினேன்.

ஜூலை 2, புதன்

எழுதிய முதற் பந்தியைச் சேர் சிவப்புப் பேனையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். பணிப்பாளர் புத்தி போகுமா? “நீளம்.” “ஆருக்கு விளங்கும்?” “இந்த நக்கல் தேவையா?” நக்கலை நான் எங்கே வைத்தேன் என்று தேடினேன். மூன்று இடத்தில் இருந்தது.

சிலிக்கன் தகடு பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். போனுக்குள் இருக்கும் சில்லுச் செய்கிற அதே தகட்டில் நெருக்கமாக வாய்க்கால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாரமில்லாத ஆடி செய்கிறார்கள். ஐரோப்பியரின் அடுத்த பெரிய தொலைநோக்கிக்கு அதுதான். மருதமுனைத் தறியில் நூலைப் பிரித்து வைக்கும் சீப்பைப் போல இடைவெளிகள் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் “நல்லம்” என்று போட்டிருக்கிறார். ஒரு சொல். அதற்காக இரண்டு தரம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

சேருக்கு மற்றக் கண்ணும் வெட்டியாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, பணிப்பாளர் போலவே இருந்தார்.

“டொக்டர் கேட்டாரு, எந்த வில்லை வைக்கிற எண்டு. நான் செல்லிட்டன், கிருபாமலர் டீச்சரிட்டக் கேக்காம நான் ஒண்டும் வைக்க ஏலாது எண்டு.”

சேரின் மனைவி, “இந்தாள்ர வாய்க்கும் ஒரு மூடி போட்டிருக்கலாம்” என்றா.

வாசிக்க முடியாததால் கடைசிப் பிரதியை என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஓட்டுத்துண்டு வரும் பந்தி. எனக்கு நம்பிக்கை உள்ள பந்தி, குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

“நில்லுங்க டீச்சர். ஒங்கட ஓடு எத்தின தரம் துள்ளும்?”

“எறியிற ஆளைப் பொறுத்தது.”

“கடைசில?”

“தாழும்.”

“கதிர் எத்தின தரம் தெறிக்கும்?”

“ரெண்டு தரம்.”

“தாழுமா?”

நான் பிரதியைத் திருப்பி அந்த வரியை மீண்டும் பார்த்தேன்.

“அப்ப புள்ள என்னண்டு படிக்கும்? கதிர் துள்ளித் துள்ளிப் போய்த் தாழும் எண்டுதானே. முழுப் பிழை டீச்சர்.”

மூடி போட்ட கண்ணோடு சிரித்தார். பிள்ளைகளுக்கு விளங்கும், வருடக்கணக்காக விளங்கியது என்று சொல்ல வாய் எடுத்தேன். விளங்கியது என்று யார் சொன்னது? பயந்து பயந்து கை உயர்த்திய பிள்ளைகளா?

வீட்டுக்கு வந்து ஓட்டுத்துண்டை வெட்டினேன். ஒரே கோடுதான். இரண்டே இரண்டு தரம் பட்டுப் போய்ச் சேருகிற ஒன்று வேண்டும். காய் ஓரத்தில் பட்டுத் தெறித்துக் குழிக்குள் போகுமே, அலுமாரிக்கு மேலே கிடக்கும் அந்தக் கரம் பலகையை இறக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். அல்பேட் காய்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.